கோவை டீமிடம் கொடுத்த ஆப் நான்கு மாதமாக "90 சதவீதம்" என்றே நிற்கிறது, என்ன செய்யலாம்?

மாலைக்கடை (2025 செப்டம்பர் 1)

வணக்கம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பூ, மாலை, பூஜைச் சாமான் கடை நடத்துகிறோம். அம்மா ஆரம்பித்த கடை, இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல், வெள்ளிக்கிழமை காலையில் யார் எதைக் கேட்டார்கள் என்றே தெரியாமல் குழம்பி, ஒரு தடவை கல்யாண மாலையே தாமதமாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒரு ஆப் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

இங்கே விசாரித்த இடங்களில் சொன்ன விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. தெரிந்தவர் மூலமாகக் கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி கிடைத்தது, பெயர் வேண்டாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் சேர்த்து 18,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 14 வாரம். பேசுவது தமிழ், நேர வித்தியாசம் இரண்டரை மணிதான், வேறு என்ன வேண்டும் என்று ஜனவரி கடைசியில் 40 சதவீதம் அட்வான்ஸ் கொடுத்தோம்.

முதல் ஆறு வாரம் வேலை மடமடவென்று ஓடியது. திரைகள் எல்லாம் அழகாக வந்தன, அம்மாவுக்குக்கூடக் காட்டினேன். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த 30 சதவீதத்தையும் அனுப்பிவிட்டேன். மே முதல் வாரம் முடித்துத் தர வேண்டும், அப்போது கேட்டால் 90 சதவீதம் முடிந்தது என்றார்கள். ஜூனிலும் 90. ஜூலையிலும் 90. நேற்றும் அதேதான். "நாளைக்கு பில்ட் அனுப்பிடுறோம் மேடம்" (பில்ட் என்றால் போனில் போட்டுப் பார்க்கும் பதிப்பு), வெள்ளிக்கிழமை ஆனால் "திங்கட்கிழமை கண்டிப்பா". எழுதிக்கொண்டிருந்த பையன் ஜூனிலேயே வேலையை விட்டுப் போய்விட்டான் என்பதை ஆகஸ்டில்தான் சொன்னார்கள்.

கையில் இருக்கும் பில்ட் எப்படி இருக்கிறது என்றால், மல்லிகைச் சரம் எங்களிடம் முழக் கணக்கு, அரை முழம், ஒன்றரை முழம் கேட்பவர்கள்தான் அதிகம். ஆப்பில் பிளஸ் பட்டனை அழுத்தினால் 1, 2, 3 என்றுதான் ஏறுகிறது, அரை போட வழியே இல்லை. கேட்டால் "டேட்டாபேஸையே மாத்தணும் மேடம், ரெண்டு வாரம் ஆகும்" என்கிறார்கள். அப்புறம், மறுநாள் காலை டெலிவரிக்கான ஆர்டரை ராத்திரி பத்து மணியோடு மூட வேண்டும், அதற்கு மேல் மாலை கட்டுபவர்களுக்குச் சொல்ல முடியாது. ஆப்போ பன்னிரண்டரை வரை ஆர்டர் வாங்கிக்கொண்டே இருக்கிறது. இந்திய நேரப்படி பத்து மணி!

தீபாவளி அக்டோபர் 20. சரியாக ஏழு வாரம். "இன்னும் ரெண்டு டெவலப்பரைக் கூடுதலா போடுறோம், மீதி 30 சதவீதத்தை முன்னாடியே அனுப்புங்க" என்கிறார்கள். அனுப்பலாமா, வேறு ஆளிடம் மாற்றலாமா? இதே மாதிரி வெளிநாட்டில் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் நடந்ததைச் சொல்லுங்கள். அம்மா கேட்கும்போது பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்கார்பரோ துணிக்கடை (செப்டம்பர் 1)

ஒரு சதமும் அனுப்ப வேண்டாம் அக்கா. ஆனால் கோபத்தில் ஆளையும் மாற்ற வேண்டாம், நான் மாற்றிப் பட்டவன். கனடாவில் இருக்கும் எங்களுக்கும் இந்தியாவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். நான் பின்னேரம் ஒரு கேள்வி அனுப்பினால் விடியத்தான் பதில், அதில் அவர்கள் திருப்பி ஒன்று கேட்டிருப்பார்கள், நான் கடை பூட்டி வந்து பார்க்க அங்கே அடுத்த நாள். ஒரு கேள்விக்கு இரண்டு நாள். பொறுமை போய்ப் புது டீமிடம் கொடுத்தேன், அவர்கள் பழைய கோட், அதாவது ஆப்பின் நிரலைத் திறந்து பார்த்துவிட்டு இதைத் திருத்துவதைவிட முதலிலிருந்து எழுதலாம் என்றார்கள். எட்டு மாதம் போனது, காசும் இரண்டாம் தடவை போனது. முதலில் கோட் உங்கள் கைக்கு வருகிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கோவைக்காரன் (செப்டம்பர் 1)

அக்கா, நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். உங்கள் கம்பெனி இல்லை, ஆனால் இதே ஊரில் வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்யும் இடங்களில் ஒன்பது வருடம் இருந்துவிட்டேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், கேட்டால் கோபம் வரும், இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்.

சின்ன கம்பெனியில் ஒரு டெவலப்பர் ஒரே ப்ராஜெக்டில் இருக்க மாட்டார், இரண்டு மூன்றில் இருப்பார். புது கிளையண்டின் அட்வான்ஸ் வந்த வாரம் அவர் நேரம் அங்கே போய்விடும், ஏனென்றால் புது ஆளுக்கு முதல் மாதம் ஏதாவது கண்ணில் காட்டியாக வேண்டும். உங்களுக்கு முதல் ஆறு வாரம் ஓடியதும் அதனால்தான். இப்போது நீங்கள் 70 சதவீதம் கொடுத்துவிட்டீர்கள், அவர்களுக்கு வர வேண்டியது 5,400 வெள்ளி, செய்ய வேண்டிய வேலையோ அதைவிடப் பெரியது. அதனால் உங்கள் வேலை வரிசையில் கடைசிக்குப் போய்விட்டது. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை, ஒன்றாம் தேதி சம்பளம் போட வேண்டுமே என்ற கணக்குதான். ஆனால் அடிபடுவது நீங்கள்.

அந்த 90 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்றால், உங்களோடு போனில் பேசுபவர் கோட் எழுதுபவர் இல்லை. அவர் டெவலப்பரிடம் "எவ்ளோ முடிஞ்சுது" என்பார், "முக்காவாசி முடிஞ்சுதுண்ணா" என்று பதில் வரும், உங்களிடம் வந்து சேரும்போது அது 90 ஆகிவிடும். திரைகளை எண்ணினால் அது பொய்யும் இல்லை, இருபதில் பதினெட்டு முடிந்திருக்கும். மிச்சம் இருக்கும் இரண்டு, பணம் கட்டும் திரையும் ஓடிபி வரும் திரையும். மொத்தத் தொல்லையும் அங்கேதான்.

சிங்கப்பூரில் வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் பேநவ்வை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் யுபிஐ மாதிரிதானே என்று நினைத்துத்தான் உங்களுக்கு விலை சொல்லியிருப்பார்கள். யுபிஐயில் கடை ஆப்பிலிருந்தே ஜிபே திறக்கும், பின் நம்பர் போட்டால் முடிந்தது. பேநவ்வில் க்யூஆர் படத்தைப் போனில் சேமித்து, வங்கி ஆப்புக்குப் போய் ஏற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது, இதை நான் என் முதல் சிங்கப்பூர் ப்ராஜெக்ட் பாதி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்னொரு பக்கம், சிங்கப்பூர் வங்கிக் கணக்கு இல்லாமல் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதை நிஜப் பணத்தில் சோதிக்க முடியாது. அங்கே இருக்கும் ஒருவர் ஒரு வெள்ளி கட்டிப் பார்த்து, ஆப்புக்குத் தகவல் திரும்பி வந்ததா என்று சொல்ல வேண்டும். நாங்கள் காலையில் கேட்போம், கிளையண்ட் கடை மூடிய பிறகு பார்த்து "வரலை" என்று ஒரு வார்த்தை எழுதுவார், எது வரவில்லை, பணமா, தகவலா, ரசீதா என்று மறுநாள் நாங்கள் கேட்போம். மூன்று வாரம் அப்படியே போனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரே வீடியோ காலில் உட்கார்ந்தோம், ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நேர வித்தியாசம் குறைவு என்பதால் மட்டும் பதில் சீக்கிரம் வந்துவிடாது அக்கா, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால்தான் வரும்.

கூடுதலாக இரண்டு பேர் வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? கோட் தெரிந்த ஒரே ஆள், அவரும் ஜூனுக்குப் பிறகு வந்தவர். இரண்டு வாரம் விளக்குவதிலேயே போகும்.

அரை முழத்துக்கு இரண்டு வாரம் என்பதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எண்ணிக்கையை முழு எண்ணாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அரை முழத்தையே ஓர் அலகாக வைத்துக்கொண்டு, அதன் விலையைப் பாதியாகப் போட்டு, உள்ளே 3 இருந்தால் திரையில் "ஒன்றரை முழம்" என்று காட்டினால் போதும், டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம். ஒரு நாள் வேலை, சோதனையோடு இரண்டு நாள். மணிக் கோளாறு இன்னும் சின்னது, ஆர்டர் மூடும் நேரத்தைச் சிங்கப்பூர் நேரப்படி சர்வரில் கணக்கிட வேண்டும்.

இன்றைக்கே ஒன்று கேளுங்கள். கோட் எங்கே வைத்திருக்கிறார்கள், கிட்ஹப்பா (கோட் சேமித்து வைக்கும் இணையதளம்), வேறு இடமா, எனக்கு உள்ளே பார்க்க அனுமதி கொடுங்கள் என்று. கோட் புரிய வேண்டியதில்லை, தேதியைப் பாருங்கள். கடைசியாக யார், என்றைக்கு எழுதிச் சேர்த்தார்கள் என்று அங்கே இருக்கும். போனில் அவர்கள் சொல்வதைவிட அதை நம்பலாம்.

சாங்கி டெஸ்டர் (செப்டம்பர் 2)

கோவைக்காரன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே ஆப் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். கோட் இன்றைக்கே முடிந்துவிட்டாலும் தீபாவளிக்கு ஆப் வராமல் போக நிறைய வழி இருக்கிறது.

முதலில் ஓடிபி எஸ்எம்எஸ். இங்கே 2023 ஜனவரி 31 முதல், பெயர் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பும் எந்த நிறுவனமும் அந்தப் பெயரை சிங்கப்பூர் எஸ்எம்எஸ் அனுப்புநர் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் உங்கள் கடைப் பெயர் வர வேண்டிய இடத்தில் "லைக்லி-ஸ்கேம்" (மோசடியாக இருக்கலாம்) என்று வரும். அதைப் பார்த்து எந்தப் பாட்டியாவது ஓடிபி போடுவாரா? பதிய உங்கள் கம்பெனியின் யுஇஎன் எண் (சிங்கப்பூர் நிறுவனப் பதிவு எண்) வேண்டும், கோயம்புத்தூரிலிருந்து அவர்களால் செய்யவே முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். இந்தியாவிலும் எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி என்று இதே மாதிரி ஒரு பதிவு உண்டு, அதனால் அவர்களுக்கு விஷயம் புரியும், ஆனால் இங்கேயும் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

அடுத்தது ஸ்டோர் கணக்குகள், அதாவது கூகுள் பிளேயிலும் ஆப்பிளிலும் ஆப்பை வெளியிடும் கணக்குகள். அவை யார் பெயரில் இருக்கின்றன என்று உடனே பாருங்கள், இதுதான் எனக்குப் பெரிய கவலை. கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் திறந்த கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் ஆப்பை வைத்துச் சோதித்த பிறகுதான் எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்க முடியும். முன்பு 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். நிறுவனக் கணக்குக்கு இது கிடையாது, ஆனால் நிறுவனத்தை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க டன்ஸ் எண் வேண்டும். ஆப்பிளில் நிறுவனமாகச் சேரவும் அதே எண்தான். கூகுளுக்கு ஒரே தடவை 25 அமெரிக்க டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99. இந்தக் காசை மிச்சம் பிடிக்க டெவலப்பர் கணக்கிலேயே போட்டுவிடுவார்கள், பிறகு பிடி முழுக்க அவர்கள் கையில்.

ஒரு தேதியும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் கூகுள் பிளேயில் ஏற்றும் புது ஆப் ஆண்ட்ராய்டு 15, அதாவது டெவலப்பர்கள் ஏபிஐ 35 என்று சொல்லும் பதிப்புக்காகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஜனவரியில் ஆரம்பித்த உங்கள் ஆப் அநேகமாக 34-இல் இருக்கும். மாற்றாமல் ஏற்றினால் வாசலிலேயே திரும்பி வரும்.

ஐபோனுக்குப் பரிசீலனை பெரும்பாலும் ஒரு நாளில் முடிந்துவிடும், திருப்பி அனுப்பினால்தான் நாள் ஓடும். பரிசீலிப்பவர் உள்ளே நுழைந்து பார்க்க ஒரு மாதிரிக் கணக்கு கொடுங்கள். சிங்கப்பூர் நம்பருக்கு மட்டும் ஓடிபி போகும் என்றால் அவர் எப்படி நுழைவார்? கணக்கை ஆப்புக்குள்ளேயே அழிக்க வழி இருக்க வேண்டும், 2022 ஜூன் 30 முதல் அது கட்டாயம். பூ விற்பதால் ஆப்பிளுக்குக் கமிஷன் கிடையாது, அந்தக் கவலை வேண்டாம்.

மாலைக்கடை (செப்டம்பர் 4)

எல்லோருக்கும் நன்றி. கேட்டுப் பார்த்தேன், இரண்டு நாள் தூக்கம் இல்லை.

கிட்ஹப்பில் பார்க்க அனுமதி கொடுக்க முதலில் தயங்கினார்கள், பிறகு கொடுத்தார்கள். கடைசியாகக் கோட் சேர்த்த தேதி ஜூலை 24. ஆகஸ்ட் முழுக்க ஒரு வரிகூட இல்லை. "நாளைக்கு பில்ட்" என்று எனக்கு வாரத்துக்கு மூன்று தடவை எழுதிய அதே ஆகஸ்ட். கூகுள் பிளே கணக்கு, ஜூனில் வேலையை விட்டுப் போன அந்தப் பையனின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. ஆப்பில் என் போன் நம்பரைப் போட்டு ஓடிபி எஸ்எம்எஸ் வரவழைத்துப் பார்த்தேன், சாங்கி டெஸ்டர் சொன்னது அப்படியே வந்தது, "லைக்லி-ஸ்கேம்".

என் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். பேமெண்ட் கணக்குக்குக் கம்பெனி ஆவணங்களை ஏப்ரலிலேயே கேட்டிருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். ஆர்டர் மெசேஜ்களுக்கு நடுவில் அது போய்விட்டது, நான் ஜூன் 11 அன்றுதான் அனுப்பியிருக்கிறேன். அவர்களும் மறுபடி நினைவுபடுத்தவில்லை.

இப்போது என்ன செய்வது? எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது, ஆனால் மாற்ற நேரம் இல்லை.

ஒப்பந்தம் படிப்பவர் (செப்டம்பர் 4)

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், காப்புரிமை (காப்பிரைட்) உங்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறதா? காசு கொடுத்தோம், அதனால் கோட் நமதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியச் சட்டம் பொருந்தும் ஒப்பந்தம் என்றால், 1957 காப்புரிமைச் சட்டத்தில் ஆப்பின் கோடும் இலக்கியப் படைப்பு வகையில்தான் வரும், வெளியாள் எழுதினால் பொதுவாக உரிமை அவரிடமே இருக்கும், எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றித் தந்தால்தான் உங்களுக்கு. அதிலும் காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் இருக்கும் உங்களுக்கு அதனால் என்ன பயன்? "உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும்" என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். மிச்சப் பணம் உங்கள் கையில் இருக்கும்போதே வாங்குங்கள்.

கோவைக்காரன் (செப்டம்பர் 5)

ஜூன் 11-ஐ நீங்களே சொன்னது நல்லது அக்கா, அவர்களிடமும் அதைச் சொல்லிவிட்டே பேச்சை ஆரம்பியுங்கள். சண்டையாகப் போனால் அந்தப் புது டெவலப்பரும் ஒதுங்கிவிடுவார், தீபாவளிக்கு முன் இந்தக் கோடைத் தொடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

5,400-ஐ மொத்தமாக வைக்காமல் உடைத்துவிடுங்கள். அரை முழமும் ஆர்டர் மூடும் நேரமும் உங்கள் போனில் சரியாக வேலை செய்த அன்றைக்கு 1,000. பேநவ்வும் ஓடிபியும் ஓடியதும் 1,500. ஆண்ட்ராய்டு உங்கள் கணக்கில் வெளியானதும் 1,400, ஐபோனுக்கு 1,500. பணம் சின்னதாக அடிக்கடி வந்தால் அந்த டெவலப்பரை வேறு வேலைக்கு இழுக்க மாட்டார்கள், எங்கள் பக்கத்துக் கணக்கு அப்படித்தான். காப்புரிமைக் கடிதம் முதல் ஆயிரத்துக்கு முன்னால்.

புள்ளிகள் சேர்ப்பது, கூப்பன், பஞ்சாங்கம் எல்லாம் பட்டியலில் இருந்தால் தீபாவளிக்கு அப்புறம் என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள். பழைய பையனின் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆப் இன்னும் வெளியாகவில்லை என்பதால் பேக்கேஜ் பெயரை (ஸ்டோரில் ஆப்பை அடையாளம் காட்டும் பெயர்) மாற்றிப் புதிதாக உங்கள் நிறுவனக் கணக்கில் ஏற்றலாம், ஃபயர்பேஸ் (நோட்டிஃபிகேஷன் அனுப்ப உதவும் கூகுள் சேவை) அமைப்பை மட்டும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், மறந்தால் நோட்டிஃபிகேஷன் வராது. அப்புறம், கோட் எழுதுபவரோடு தினமும் பதினைந்து நிமிடம் நேரடியாகப் பேச வேண்டும், நடுவில் ஆள் வேண்டாம் என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

மாலைக்கடை (அக்டோபர் 12)

அப்புறம் நடந்ததை எழுதுகிறேன். பேச்சு முதலில் சூடாகத்தான் போனது, பணத்தை உடைத்துத் தருகிறேன் என்றதும் ஒத்துக்கொண்டார்கள். இப்போதைய டெவலப்பர் இருபத்து மூன்று வயதுப் பெண். கோயம்புத்தூரில் காலை ஒன்பது, எனக்குப் பதினொன்றரை, பூஜைக் கூட்டம் குறைந்திருக்கும் நேரம், தினமும் வீடியோவில் பேசினோம். முழம் என்றால் கைமுட்டியிலிருந்து விரல் நுனி வரை அளப்பது என்று கேமரா முன்னால் சரத்தைப் பிடித்துக் காட்டினேன், "இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லக்கா, நான் ஏதோ பாக்கெட்னு நெனச்சேன்" என்றாள். அரை முழம் அடுத்த நாள் மாலையே வந்துவிட்டது.

டன்ஸ் எண், கூகுள் சரிபார்ப்பு, எஸ்எம்எஸ் பதிவு எல்லாம் நானே செய்தேன். பேநவ்வுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, தம்பி ஒரு வெள்ளி ஒரு வெள்ளியாக முப்பது தடவைக்கு மேல் கட்டியிருப்பான். ஆண்ட்ராய்டு அக்டோபர் 8 அன்று வெளியானது. ஐபோனை ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள், கணக்கை அழிக்கும் பட்டன் வேலை செய்யவில்லை என்று. திருத்தி நேற்று மறுபடி போட்டிருக்கிறோம், அந்த 1,500 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு ஆப்பில் 41 ஆர்டர் வந்தது. அதில் ஒன்று, தேக்கா சந்தைப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் ஒரு பாட்டி, பேத்தியை வைத்துப் போட்டிருக்கிறார், ஒன்றரை முழம் மல்லிகை. வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஆர்டர் மூடியதும் தம்பி அச்சடித்த பட்டியலை அம்மாவிடம் கொடுத்தான், அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.